ஊசி போட்ட குதிரையை மக்க வைத்தால் மருந்தும் மக்குமா?

கேள்வி
22 வயதுக் குதிரை. குளம்பு நோவில் எழுந்திருக்கவே முடியவில்லை, நேற்று கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பி வைத்தோம். பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்து, 100 மில்லி. இங்கே நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் புதைக்க வழியில்லை. மரச்சீவலில் மூடி மக்க வைக்கப் போகிறேன். வலிக்கு மாதக்கணக்கில் ஃபீனைல்பியூட்டசோனும் கொடுத்திருக்கிறேன். ஒரு வருடம் கழித்து அந்த எருவைக் காய்கறிப் பாத்தியில் போடலாமா?

பதில் 1
போடாதீர்கள். ஃபீனைல்பியூட்டசோன் மக்கும்போது பெரும்பாலும் சிதைந்துவிடும், அதை விடுங்கள். பென்டோபார்பிட்டால் அப்படியில்லை. வழக்கமான ஊசி மருந்தில் மில்லிக்கு 390 மில்லிகிராம் இருக்கும். உங்கள் கணக்குப்படி கிட்டத்தட்ட 39 கிராம் அந்த உடம்புக்குள் கிடக்கிறது. குவியல் 55, 60 டிகிரி சூடேறினால் நோய்க்கிருமிகள் சாகும், ஆனால் இந்த மருந்து அந்தச் சூட்டுக்கு அசையாது. சோதனைக் குவியல்களில் ஒரு வருடம் கழித்தும் அகப்பட்டிருக்கிறது.

ஆனால் எருவை விட முதல் சில வாரங்கள்தான் எனக்குப் பயம். என் கழுதையை மூடியபோது மேலே ஒரு சாண் சீவல்தான் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் என் நாயே தோண்டித் தின்றுவிட்டு, கால் பின்னிக்கொண்டு வந்து வாசலில் விழுந்தது. இரவு முழுக்க மருத்துவர் கூடவே இருந்ததால் பிழைத்தது. கழுகுகள் இப்படிச் செத்தது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. அடியில் 60 சென்டிமீட்டர், மேலேயும் பக்கங்களிலும் அதே அளவு சீவல், சுற்றிலும் வேலி. கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மழைநீர் வழிந்து குட்டைக்குப் போகாத மேடாகவும் பாருங்கள்.

பதில் 2
மக்க வைப்பதென்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் மருத்துவரிடம் வேறு வழி கேட்டிருக்கலாம். பழகிய கை சரியான இடத்தில் சுட்டால் எந்த மருந்தும் மிஞ்சாது. முழு மயக்கத்தில் வைத்து முதுகுத்தண்டு நீரில் லிடோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திக் கருணைக்கொலை செய்யும் முறையும் உண்டு. அப்புறம், எல்லா ஊரிலும் மக்க வைக்க அனுமதி கிடையாது, விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேட்டவர்
அனுமதி இருக்கிறது, காலையிலேயே விசாரித்துவிட்டேன். மற்றதை யோசிக்க நேற்று மனம் இல்லை. சரி, பாத்தி வேண்டாம், மேய்ச்சல் நிலத்துக்கும் வேண்டாம். எலும்பு மிஞ்சுமே, அதோடு சேர்த்து எருவை அதே இடத்தில் விட்டு மேலே மரம் வைத்துவிடுகிறேன். சீவல் இன்னும் இரண்டு வண்டி வர வேண்டும். இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு நான்கு பக்கமும் கல் வைத்திருக்கிறேன். காக்கைகள் வந்துவிட்டன, எழுந்து போகிறேன்.