எலெக்ட்ரோஜெட்டுக்குத் தமிழ்ச் சொல்: மின்தாரையா, மின்காலா, மின்னோடையா?

பாளையங்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்கான புவிகாந்தக் கட்டுரை ஒன்றில் எலெக்ட்ரோஜெட் வருகிறது. மேல்வளிமண்டலத்தில் குறுகிய பட்டையாக ஓடும் மின்னோட்டம் அது. இப்போதைக்கு 'மின்தாரை' என்று போட்டிருக்கிறேன். ஜெட்டுக்குத் 'தாரை' ஏற்கெனவே புழங்குகிற சொல் என்பதால் எடுத்தேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். 1951இல் சிட்னி சாப்மன் இட்ட பெயர் இது. ஆனால் அந்த மின்னோட்டம் ஓடுவது நம் தலைக்கு நேர் மேலே. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. நெல்லைச் சீமையில் அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் இல்லாமல் இருக்கலாகாது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

அண்ணாச்சி, தாரை வேண்டாம். தாரை என்றதும் துளை வழியே பீய்ச்சி அடிக்கும் நீர்தான் மாணவன் மனத்தில் வரும். பின்னாலிருந்து அழுத்தம், முன்னால் திறப்பு என்று கற்பனை செய்துகொள்வான். இங்கே நடப்பது அதுவல்ல.

காந்த நடுக்கோட்டில் புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்காகப் படுத்துக் கிடக்கிறது. பகலில் மேல்காற்றின் அசைவால் கிழக்கு நோக்கி ஒரு சிறிய மின்புலம் உண்டாகிறது. சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் அயனிகள் காற்று மூலக்கூறுகளோடு முட்டி மோதி நகர முடியாமல் நிற்கின்றன. எலெக்ட்ரான்களுக்கு அவ்வளவு தடை இல்லை. கிழக்கு மின்புலமும் வடக்குக் காந்தப்புலமும் சேர்ந்து அவற்றை மேலே தள்ளுகின்றன. ஆனால் மேலேயும் கீழேயும் கடத்துதிறன் குறைந்த அடுக்குகள் இருப்பதால் அவை போக வழியில்லை. ஆகவே மேற்புறம் எதிர்மின்னூட்டமும் அடிப்புறம் நேர்மின்னூட்டமும் தேங்கிவிடுகின்றன. இந்தத் தேக்கத்தால் உண்டாகும் செங்குத்து மின்புலம், முதலில் இருந்த கிழக்கு மின்புலத்தைவிடப் பல மடங்கு பெரிது. அதுதான் எலெக்ட்ரான்களை மேற்கே விரட்டுகிறது. எலெக்ட்ரான் மேற்கே போனால் மின்னோட்டத்தின் திசை கிழக்கு. கௌலிங் விளைவு என்று சொல்வது இதைத்தான்.

அகலம் ஏன் குறுகலாக இருக்கிறது என்பதையும் கட்டுரையில் சேருங்கள். நடுக்கோட்டை விட்டு விலகினால் புலக்கோடுகள் சரியத் தொடங்கும். சரிந்த கோடு வழியே தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும். தேக்கம் போனால் பெருக்கமும் போயிற்று. அதனால்தான் கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ 3 பாகைக்குள், சுமார் 600 கிலோமீட்டர் அகலத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. தேங்கி, கரைக்குள் ஓடுவதற்கு ஒரு சொல் வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:

கரைக்குள் ஓடுவது என்றால் 'கால்', அதாவது வாய்க்கால், இருக்கிறதே! தாமிரபரணியில் மருதூர் அணையில் மேலக்கால், கீழக்கால். எங்கள் அணையில் வடகால், தென்கால். 'மின்கால்' என்று வைக்கலாம். சுருக்கமான சொல். பழந்தமிழில் கால் என்றால் காற்று என்றும் பொருள் உண்டு, மேல்காற்றால் பிறக்கும் ஓட்டத்துக்கு அதுவும் பொருந்தும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் தாமிரபரணிப் பாசனத்துக்கு வெளியே 'கால்' என்றால் வாய்க்கால் என்று யாருக்கும் உடனே தோன்றாது. எலெக்ட்ரோடுக்கு 'மின்வாய்' என்று பாடநூலில் இருக்கிறது. அதன் பக்கத்தில் 'மின்கால்' வந்தால் வாய், கால் என்று உடல் உறுப்பாகவே படிப்பார்கள். காற்பங்கு என்ற பொருளும் குறுக்கே வரும். இன்னொரு தடை, கால் மனிதர் வெட்டியது. தலைமதகு வைத்து, வேண்டும்போது அடைத்துத் திறப்பது.

தென்காசியிலிருந்து:

அப்படியானால் 'மின்னோடை'. ஓடை தானாக உண்டானது. நம் பக்கத்து ஓடை மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் மணல்தான். இந்த மின்னோட்டத்தின் குணமும் அதுதான். வெயில் ஏற ஏற அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான் பெருகும், நண்பகலை ஒட்டி ஓட்டம் உச்சத்துக்கு வரும், பொழுது சாய்ந்ததும் வற்றிவிடும். 'மின்னோட்டம்' என்ற சொல்லோடு ஒரே வேரில் நிற்பதால் இது மின்னோட்டத்தில் ஒரு வகை என்பதும் பெயரிலேயே விளங்கும்.

வரலாற்றுப் பகுதிக்குச் சில குறிப்புகள். திசைகாட்டி ஊசி பகலில் மெல்ல ஆடி மீள்வதை லண்டனில் ஜார்ஜ் கிரகாம் 1722இல் கண்டார். மேல்வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டமே காரணம் என்று பால்ஃபோர் ஸ்டூவர்ட் 1882இல் சொன்னார். இடையில் நம் பொதிகைக்கும் பங்கு உண்டு. திருவனந்தபுரம் வானாய்வகத்தை நடத்திய ஜான் ஆலன் புரூன், 1855இல் அகத்தியமலையிலும் ஒரு நிலையம் அமைத்துக் காந்த ஊசியைக் கவனித்தார். பெருவின் உவான்கயோ நிலையம் 1922இல் தொடங்கியபின், கிடைப்புலத்தின் (காந்தப்புலத்தில் தரைக்கு இணையான பகுதியின்) அன்றாட ஏற்றம் அங்கே மற்ற இடங்களைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. சாப்மனின் பெயர் அந்தப் பதிவுகளை வைத்து வந்தது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதற்கும் காந்த நடுக்கோடு அருகில் இருந்ததே முக்கியக் காரணம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

மின்னோடைக்கு என் ஒப்புதல். ஆனால் அக்கா, துருவ ஒளிப் பகுதியிலும் ஓர் எலெக்ட்ரோஜெட் உண்டு, அது இரவிலும் ஓடும். 'பகலில் மட்டும்' என்பதை வரையறையில் சேர்த்துவிடாதீர்கள்.

தென்காசியிலிருந்து:

சரிதான், பொது வரையறையில் சேர்க்க வேண்டாம். ஆனாலும் ஓடை என்ற சொல் அங்கேயும் நிற்கும். இங்கே வெயில் தருவதைச் சூரியப் புயல் அங்கே தருகிறது, காட்டாற்று வெள்ளம்போல் திடீரென்று பெருகும். 'துருவ ஒளி மின்னோடை' என்று சொல்லலாம்.

நம்முடையதை 'நிலநடுக்கோட்டு மின்னோடை' என்று எழுதுவது தவறு. திருநெல்வேலி 8.7 பாகை வடக்கே, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 965 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உவான்கயோ 12 பாகை தெற்கே. இரண்டுக்கும் மேலே ஓடுவது ஒரே ஓடை, ஏனென்றால் அது பின்பற்றுவது காந்தச் சரிவு சுழியாக இருக்கும் கோட்டை. 'காந்த நடுக்கோட்டு மின்னோடை' என்பதே சரி.

பாளையங்கோட்டையிலிருந்து:

ஏற்றேன். அளக்கும் முறையை இப்படிச் சேர்க்கிறேன்: மேலே கிழக்காக ஓடும் மின்னோட்டம் தரையில் வடக்கு நோக்கிய புலத்தைக் கூட்டும். நள்ளிரவு அளவை அடிமட்டமாக வைத்துப் பகல் ஏற்றத்தைக் கணக்கிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: இங்கே ஏற்றம் 100 நானோடெஸ்லா, ஓடைக்கு வெளியே, மும்பைக்கு அருகே இருக்கும் அலிபாக் காந்த ஆய்வகத்தில் 40 என்றால், மின்னோடையின் பங்கு 60. மொத்தப் புலம் 40,000 நானோடெஸ்லா அளவில் இருக்கும்போது இந்த 60ஐப் பிரித்தெடுக்க வேண்டும், அதனால் காந்தமானி இருக்கும் அறையில் ஓர் இரும்பு ஆணிகூட இருக்கக் கூடாது. அலிபாக்கைக் கழிக்காமல் நெல்லைப் பதிவை மட்டும் பார்த்தால், காந்தப் புயலின் இறக்கத்தை மின்னோடையின் இறக்கம் என்று தப்பாக எடுத்துக்கொள்வோம்.

இன்னும் ஒன்று பாக்கி. சில நாள் அந்த ஏற்றம் நள்ளிரவு அளவுக்கும் கீழே போய்விடும். ஓட்டம் மேற்கே திரும்பிவிட்டது என்று பொருள். அடிஸ் அபாபா பதிவுகளை வைத்து 1962இல் இது வெளியே தெரிந்தது. இதற்கு 'எதிர்மின்னோடை' என்று வைக்கலாமா?

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:

'மறுகால்' எப்படி?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

மறுகால் குளம் நிறைந்து வழிகிற நீர். அது அடுத்த குளத்துக்கு முன்னேறித்தான் போகும், திரும்பி வராது. 'எதிர்மின்னோடை'யும் ஆகாது. எதிர்மின்னூட்டம், எதிர்மின்வாய் என்று படித்தவர்கள் அதை 'எதிர்மின் + ஓடை' என்று பிரித்து, எதிர்மின்னூட்டம் ஓடும் ஓடை என்று எடுத்துக்கொள்வார்கள். சொற்களின் இடத்தை மாற்றினால் போதும்: மின் + எதிரோடை, 'மின்னெதிரோடை'. இப்போது 'எதிர்' ஓடையைத்தான் பிடிக்கும், மின்னைப் பிடிக்காது.

பாளையங்கோட்டையிலிருந்து:

இதைத்தான் தேடினேன், தம்பி. அச்சுக்கு அனுப்பும்போது 'மின்னோடை', 'மின்னெதிரோடை' இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லியிருக்கிறேன். 'மின் எதிர் ஓடை' என்று பிரித்தால் வரி முறியும் இடத்தில் 'மின் எதிர்' ஒரு வரியிலும் 'ஓடை' அடுத்த வரியிலும் விழுந்து, பழைய குழப்பமே திரும்பி வரும்.