பம்ப் தொழிற்சாலையிலிருந்து பொறியியல் கல்லூரி முதல்வர் நாற்காலிக்கு: எந்த வழி, எத்தனை வருடம்?

வெர்னியர்:
வணக்கம். பம்ப், மோட்டார் உற்பத்தியில் 16 வருட அனுபவம். இப்போது ஆலை மேலாளர். எம்.இ. முதல் வகுப்பு, பி.எச்டி. இல்லை. வயது 39. இந்தத் தகுதியோடு தனியார் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராகி, பின்னால் முதல்வராகவும் வர முடியுமா? தொழிற்சாலை அனுபவம் கணக்கில் வருமா? வேலையை விட்டுவிட்டு இப்போதே உதவிப் பேராசிரியராகச் சேர வேண்டுமா? தொழில் அனுபவசாலிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கற்பிக்க அமர்த்தும் ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ பதவி குறுக்கு வழியாகுமா?

கரும்பலகை:
வேலையை இப்போது விடாதீங்க சார். ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) 2019 விதிகளில் இணைப் பேராசிரியருக்குக் கேட்பது: பி.எச்டி., இளநிலை அல்லது முதுநிலையில் முதல் வகுப்பு, 6 ஆய்வுக் கட்டுரைகள், கற்பித்தல், ஆய்வு, தொழில்துறை மூன்றில் எதிலாவது 8 வருடம். அந்த 8இல் 2 வருடம் பி.எச்டி.க்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அந்த இரண்டையும் தொழிற்சாலையிலேயே முடிக்கலாம். ஆகவே உதவிப் பேராசிரியர் படியில் கால் வைக்காமலே நேராக இணைப் பேராசிரியருக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

அதற்கு மேலேதான் சிக்கல். பேராசிரியருக்கு மொத்தம் 10 வருடம், அதில் 3 இணைப் பேராசிரியர் நிலையில். முதல்வருக்கு மொத்தம் 15, அதில் 3 பேராசிரியர் நிலையில். உங்கள் 16 வருடம் மொத்தக் கணக்கை நிரப்பிவிடும், இந்த மூன்று மூன்றை நிரப்பாது. இன்று பி.எச்டி. பதிந்தால் 43 அல்லது 44இல் பட்டம், 46இல் இணைப் பேராசிரியர், 49இல் பேராசிரியர், 52இல் முதல்வர் தகுதி. எங்கும் தடங்கலில்லாமல் போனால்தான் இது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பேராசிரியராக இரண்டு வழி: 6 கட்டுரையோடு 2 மாணவர்களை பி.எச்டி. முடிக்க வைப்பது, அல்லது மாணவர் இல்லாமலே 10 கட்டுரை. இந்தக் கட்டுரைகள் இணைப் பேராசிரியராக இருக்கும்போது வந்தவையாக இருக்க வேண்டும். இரண்டாவது வழி வேகமானது, நிறையப் பேர் அதைப் பிடிப்பார்கள். ஆனால் முதல்வர் பதவிக்கு 8 கட்டுரையோடு, பட்டம் வாங்கிய 2 ஆய்வு மாணவர்கள் கட்டாயம். இணை நெறியாளராக இருந்தாலும் செல்லும். 49 வயதில் விழித்துக்கொண்டு மாணவர் தேடினால் 54 ஆகிவிடும். இணைப் பேராசிரியராகச் சேர்ந்த முதல் வருடமே நெறியாளர் அங்கீகாரத்துக்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.

ஆய்வகச் சாவி:
மேலே சொன்னது சரி. பி.எச்டி. பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பகுதி நேர பி.எச்டி. செய்யலாம். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. பாடப்பகுதிக்குக் குறைந்தது 12 கிரெடிட். நிறுவனத்திடமிருந்து வாங்கும் தடையில்லாச் சான்றில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: படிக்க அனுமதி, அலுவலக வேலை ஆய்வுக்குப் போதிய நேரம் விடும் என்ற உறுதி, தேவைப்பட்டால் பாட வகுப்புக்கு விடுவிப்போம் என்ற ஒப்புதல். வெறும் “ஆட்சேபணை இல்லை” என்ற ஒரு வரிக் கடிதம் திரும்பி வரும்.

தலைப்பை ஆலையிலிருந்தே எடுங்கள். இம்பெல்லர் (பம்பின் சுழலும் பகுதி) செயல்திறன், வார்ப்புக் குறைபாடு, மோட்டார் சூடாவது என்று பம்ப் தொழிலில் அளந்து எழுத நிறைய இருக்கிறது. ஆனால் சோதனைத் தரவை வெளியிட நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கட்டுரை தயாரான பிறகு கேட்டால் சட்டப் பிரிவில் மாதக்கணக்கில் தூங்கும்.

கட்டுரை வெளியிடும் இதழ் விஷயத்தில் கவனம். யு.ஜி.சி. தன் அங்கீகரித்த இதழ்களின் ‘கேர்’ பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டது. எஸ்.சி.ஐ. (சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்) பட்டியலில் உள்ள இதழ்களே பாதுகாப்பு. நல்ல இதழின் பெயரிலேயே போலி இணையதளங்கள் உண்டு. மின்னஞ்சலில் வந்த சுட்டியை நம்பாமல் பதிப்பகத்தின் தளம் வழியாகவே உள்ளே போங்கள்.

வெர்னியர்:
நன்றி. அப்படியானால் புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்?

பட்டறைப் பாடம்:
அது தனிக் கதவு, முதல்வர் அறைக்குப் போகும் படிக்கட்டு இல்லைங்க. யு.ஜி.சி. 2022 வழிகாட்டுதல்படி குறைந்தது 15 வருட அனுபவம் வேண்டும், மூத்த நிலையில் இருந்தால் நல்லது; பட்டம் கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதிகபட்சம் 3 வருடம், விதிவிலக்காக இன்னும் 1. கற்பித்தல் பணியில் இருப்பவர், அதிலிருந்து ஓய்வு பெற்றவர் யாருக்கும் கிடையாது. எனவே முதலில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் இந்தக் கதவு மூடிவிடும். இதில் உங்கள் 16 வருடத்தில் எவ்வளவு மூத்த நிலை என்று காட்ட முடியும் என்பதுதான் கேள்வி.

கோவையில் இது ஒரு காலத்தில் எளிதாக நடந்தது. ஜி.டி. நாயுடு 1945இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டே போதும் என்று சொல்லி, அரசு ஏற்காததால் விலகினார். ஜி.ஆர். தாமோதரன் 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தக் கல்லூரி, 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தை ஒட்டியே வளர்ந்தது. ஆலையும் வகுப்பறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த அந்த அமைப்பை இன்றைய விதிகள் கொண்டுவராது என்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் தகுதிக் கணக்கை இப்போது காகிதம்தான் முடிவு செய்கிறது.

அதனால் இரண்டு காகிதங்களைக் கவனியுங்கள். பணிச் சான்றில் ஒவ்வொரு பதவிக்கும் தொடக்க, முடிவுத் தேதியும் வேலையின் தன்மையும் தனித்தனியாக வேண்டும். “16 வருடம் பணியாற்றினார்” என்று மட்டும் இருந்தால் தேர்வுக் குழு எந்தப் பொறுப்பில் என்று கேட்கும். பி.எஃப். பதிவும் தேதியோடு ஒத்துப்போக வேண்டும். அடுத்து, சில கல்லூரிகள் ‘தொழில்துறை உறவு டீன்’ என்று அழைக்கும். நியமன ஆணையில் பேராசிரியர் என்ற பதவியும் அதற்கான ஊதிய நிலையும் இல்லாவிட்டால், அந்த வருடங்கள் முதல்வருக்கான 3 வருடத்தில் சேராமல் போகும் அபாயம் உண்டு. சேரும் முன்பே திருத்தி வாங்குங்க.