லிஃப்டில் நுழையாத பழைய சோபாவை என்ன செய்யலாம்?

மூணாவதுமாடி: தஞ்சாவூர், மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் அப்பார்ட்மென்ட். மூணு பேர் உட்கார்ற சோபா. ரெக்சின் உரிஞ்சு, ஸ்பிரிங் குத்துது. குப்பை வண்டிக்காரங்க தொட மாட்டேங்கிறாங்க. காயலான் கடைக்காரர் "இரும்பு இருந்தா சொல்லுங்கம்மா"ன்னுட்டுப் போயிட்டார். மாமியார் போகிக்குக் கொளுத்திடலாம்ங்கிறாங்க. வழி சொல்லுங்க.

குடந்தையான்: கொளுத்திடாதீங்க தங்கச்சி! உள்ளே இருக்கிறது பாலியூரித்தேன் ஃபோம். எரிஞ்சா கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் வரும், ரெண்டுமே விஷ வாயு. முதல்ல கவுத்துப் போட்டு அடித்துணியைக் கிழிச்சுப் பாருங்க. சட்டம் தேக்குன்னா ஆசாரி தேடி வருவார். காட்டுமரம்னா விலை கிடையாது.

திருவையாறு_அக்கா: வீட்டுக்குள்ளயே பிரிச்சுடுங்க, அப்புறம் லிஃப்ட் எதுக்கு? துணியைப் பிடுங்கும்போது ஸ்டேப்ளர் முள் தெறிக்கும், செருப்பு போட்டுக்குங்க. ஸ்பிரிங் காயலான் கடைக்கு. ஃபோம் நல்லா இருந்தா ஆட்டோ சீட் தைக்கிறவங்க வாங்கிக்குவாங்க. மூட்டைப்பூச்சி இருந்தா மட்டும் யார் தலையிலயும் கட்டிடாதீங்க.

மதகடி: ராத்திரியோட ராத்திரியா வாய்க்கால்ல தள்ளிடாதீங்க, அவ்வளவுதான். மேட்டூர் தண்ணி வந்ததும் எங்க மதகை அடைக்கிறதே உங்க டவுன் மெத்தைங்கதான்.

மூணாவதுமாடி: கவுத்துப் பார்த்தாச்சு குடந்தை அண்ணா, தேக்கு! ஆசாரி வர்றேன்னிருக்கார். மாமியார்தான் இப்போ, "குடுக்காதே, ஊஞ்சல் பலகை பண்ணலாம்"ங்கிறாங்க.