கமாசான் சீலையிலிருந்து ஆண்களை வெளியே அனுப்பலாமா?

திண்ணைவாசி:
பாலித் தீவின் ஓவியர் சித்ரா சஸ்மிதாவின் ஓவியக் காட்சி 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை லண்டன் பார்பிகன் கலை மையத்தில் நடந்தது. படங்களை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். கிழக்குப் பாலியின் க்ளுங்குங்கை ஒட்டிய கமாசான் கிராமத்துச் சீலை ஓவிய மரபை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த அரசர், வீரர், தேவர் எல்லோரையும் நீக்கிவிட்டுப் பெண்களை மட்டும் வரைகிறார். வெட்டுண்ட தலைகள், உடலிலிருந்து முளைக்கும் மரங்கள், தீ. பெண்ணின் ஆன்மிகம், மூதாதையர் நினைவு என்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. கமாசான் சீலை புராணக் கதை சொல்வது, கோயில் விழாவில் தொங்கவிடுவதற்கானது. குறுகிய கண் என்றால் பண்பட்டவன், உருண்டைக் கண் என்றால் முரடன் என்று அதற்கு இலக்கணமே உண்டு. கதையைக் கழற்றிவிட்டுக் கோடுகளை மட்டும் கடன் வாங்கினால் அது வெறும் அலங்காரம்தானே?

மஞ்சள்முடிச்சு:
அந்தச் சீலை எப்படித் தயாராகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? துணிக்கு அரிசிமாவுக் கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து, சோழியால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பிறகு சங்கிங் எனப்படும் தலைமை ஓவியர் கோடு போடுவார். வழக்கப்படி அவர் ஆண். வண்ணம் நிரப்புவது வீட்டுப் பெண்கள். கடைசியில் கறுப்புக் கோட்டால் முகத்தை முடிப்பது மறுபடி சங்கிங். அடுத்தவன் போட்ட கோட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக நிறம் நிரப்பியவள் இன்று கோட்டையும் தானே போடுகிறாள். இதைக் கடன் என்றால் எப்படி?

திண்ணைவாசி:
நல்ல வாதம், ஆனால் ஆள் மாறிவிட்டது. சித்ரா கமாசான்காரர் அல்லர். மேற்கே தபானனில் பிறந்தவர். நிறம் நிரப்பிய அந்தப் பெண்களின் பேத்தியும் அல்லர்.

மஞ்சள்முடிச்சு:
அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கமாசான்காரர்தான். மங்கு முரியத்தி. கோயில் பூசாரி, பெண், தானே கோடு போடுபவர். அவருக்கும் முன்பே நி மடே சுசியார்மி அங்கே கோடு போட்டுவிட்டார். ஊரே திறந்துவிட்ட கதவுக்கு நீங்கள் ஏன் காவல் நிற்கிறீர்கள்?

ஊர்சுற்றி:
நடுவில் நுழைகிறேன், மன்னியுங்கள். க்ளுங்குங்கின் பழைய நீதிமண்டபமான கெர்த்தா கோசாவில் கழுத்து நோக அண்ணாந்து நின்றிருக்கிறேன். கூரை முழுக்க கமாசான் பாணி ஓவியம். அதில் பெரும்பகுதி பீம ஸ்வர்கம்: பெற்றோரை மீட்கப் பீமன் நரகத்துக்குப் போகும் கதை. ஒரு கட்டத்தில், பிள்ளை பெறாத பெண்ணின் மார்பைப் பெரிய கம்பளிப்பூச்சி ஒன்று உறிஞ்சுகிறது. அதுதான் அவளுக்குத் தண்டனை. கீழே உட்கார்ந்து தீர்ப்புக்குக் காத்திருந்த ஒருத்தி தலையைத் தூக்கினால் கண்ணில் படுவது இது. திண்ணைவாசி சொல்லும் 'கதை' இதுவும்தான். இன்னொன்று: முன்பு துணியில் இருந்த அந்தக் கூரை ஓவியம் 1960வாக்கில் ஆஸ்பெஸ்டாஸ் பலகைக்கு மாறிவிட்டது. மரபு ஏற்கெனவே பலகை மாறி உட்கார்ந்திருக்கிறது.

திண்ணைவாசி:
பலகை மாறினாலும் பீமன் பீமனாகத்தான் இருக்கிறான், நண்பரே. எனக்குப் பிடித்த பாலி ஓவியர் யார் தெரியுமா? முர்னியாசி. 1966இல் பிறந்து 2006இல் போய்ச் சேர்ந்துவிட்டார். தேவா புத்து மோகோவிடம் பயின்று, தன் கனவுகளை, உடலை, அச்சத்தைக் கூச்சமில்லாமல் வரைந்தார். முன்னோர் பெயரை முதுகில் சுமக்கவில்லை. அந்த நேர்மை இங்கே எங்கே? 'மூதாதையர் நினைவு' என்ற சொல்லைக் கேட்டாலே காட்சியகத்து அறிவிப்புப் பலகை வாடை அடிக்கிறது.

மஞ்சள்முடிச்சு:
அந்தச் சொல் எனக்கும் சலித்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பின்னால் இருப்பது சலிக்கவில்லை. 1849இல் குசம்பாவில் டச்சுப் படையை எதிர்த்தவர் தேவா அகுங் இஸ்திரி கன்யா என்ற க்ளுங்குங் அரசி. 1908இல் அதே க்ளுங்குங்கில் அரச குடும்பம் பெண்கள், குழந்தைகளோடு டச்சுத் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து போய் மாண்டது. புபுத்தான் என்பார்கள். அந்த அரண்மனையின் கிரிஸ் வாளை நெதர்லாந்து திருப்பித் தர 2023 ஆயிற்று. அந்த மண்ணின் பாணியில் ஒரு பெண் வெட்டுண்ட தலைகளை வரைகிறாள். நீங்கள் அலங்காரம் என்கிறீர்கள். 'திமுர் மேரா' என்று அந்த ஓவியத் தொடருக்குப் பெயர். சிவந்த கிழக்கு. எதனால் சிவந்தது?

திண்ணைவாசி:
புபுத்தானை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தலைகள் வேறு மாதிரி தெரிகின்றன, சரி. 'அலங்காரம்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஆண்களை அடியோடு நீக்கியது இன்னும் ஒட்டவில்லை. அந்த அரசியோடு போரிட்டவர்களில் ஆண்களும் இருந்தார்களே.

ஊர்சுற்றி:
இருந்தார்கள். கம்பளிப்பூச்சிக்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.