மாஸ் எஃபெக்ட்: கிளிநொச்சியில இருந்து எந்தப் பாகத்தில தொடங்கிறது?

குளக்கட்டு (கிளிநொச்சி)
அண்ணாக்கள், அக்காக்களுக்கு வணக்கம். மாஸ் எஃபெக்ட் மூண்டு பாகமும் விளையாடப் பெரிய ஆசை. ஸ்டீமில மூண்டும் சேர்ந்த லெஜண்டரி எடிஷன் வாங்கியாச்சு. லப்டொப் ஐ5, 8 ஜிபி ரம், ஜிடிஎக்ஸ் 1050. இவ்வளவு பெரிய கேமை இஞ்சத்த லைனில எப்பிடி இறக்கிறது? முதல் பாகம் 2007இல வந்த பழசு, ரெண்டில தொடங்கு எண்டு கனபேர் சொல்லினம். சரியோ? கரண்ட் போனா சேவ் பழுதாகுமோ?

ஏ9_தெரு (மாங்குளம்)
கேம் கேக்கிற இடம் 120 ஜிபி. 10 எம்பிபிஎஸ் லைன் இடைவிடாமல் ஓடினாலும் கிட்டத்தட்ட 27 மணித்தியாலம். இரவு டேட்டாவில போடுங்கோ, விடிய நிப்பாட்டுங்கோ. விட்ட இடத்தில இருந்து ஸ்டீம் தொடரும். ஸ்டீமில நேரம் குறிக்கிற வசதி அப்டேட்டுக்குத்தான், முதல் இறக்கத்துக்கு இல்லை. நிப்பாட்டுறது உங்கட கைவேலை.

ஸ்டீமில இதே கேம் வைச்சிருக்கிற கூட்டாளி இருந்தா இன்னும் லேசு. ஸ்டீம்ஆப்ஸுக்குள்ள கொமன் போல்டரில கேமின்ர போல்டரை அப்பிடியே ஹாட் டிஸ்கில கொப்பி பண்ணி, உங்கட மெசினில அதே இடத்தில வைச்சிட்டு இன்ஸ்டோல் அமத்துங்கோ. இருக்கிற பைலைக் கண்டுபிடிச்சு மிச்சத்தை மட்டும் இறக்கும். டிஸ்க் பேட்32 ஆக இருக்கக்கூடாது, 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை அது ஏற்காது. எக்ஸ்பேட் போடுங்கோ. முதல்முறை திறக்க இஏ ஆப்புக்கு இன்ரநெற் வேணும்.

உங்கட மெசினில ஓடும். இழுபட்டா டைனமிக் ஷடோ, அம்பியன்ற் ஒக்லூஷன் ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. சோளகத்துப் புழுதி விசிறியை அடைச்சா நல்ல கார்ட்டும் திணறும், அதையும் துடைச்சு விடுங்கோ.

கரண்டைப் பற்றி: லப்டொப்புக்கு பற்றறி இருக்கிறதால பயமில்லை. டெஸ்க்டொப் காரர் 650 விஏ யுபிஎஸ்ஸை நம்பி சண்டைக்குள்ள இறங்காதைங்கோ, அது சேவ் பண்ணி மூடத்தான் காணும். ஆரெண்டாலும் ஒரே சேவுக்கு மேல எழுதாமல் நாலஞ்சு தனிச் சேவ் மாத்தி மாத்தி வையுங்கோ. டொக்யுமென்ற்ஸ் போல்டரில பயோவேர் எண்ட பேரில கிடக்கும், பென்டிரைவிலயும் ஒரு பிரதி எடுங்கோ.

நோமண்டி_எஸ்ஆர்2 (முல்லைத்தீவு)
ரெண்டில தொடங்காதைங்கோ தம்பி. மூண்டு கேமையும் ஒரே ஷெப்பர்ட் (நாங்கள் விளையாடுற ஆள்) கடந்து போறதுதான் இந்தத் தொடரின்ர உயிர். முதல் பாகத்தில எடுத்த முடிவுக்கு மூண்டாவதில ஒரு கிரகமே பதில் சொல்லும். இவ்வளவு தூரம் விளையாடுறவனை மதிச்ச தொடர் எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை.

சேவ் இல்லாமல் ரெண்டைத் தொடங்கினா கேம் தானாகவே உங்கட கூட்டாளி ரெக்ஸையும், ரக்னி எண்ட பூச்சி இனத்தின்ர இராணியையும், விண்வெளியை ஆளுற கவுன்சிலையும் செத்ததா வைச்சிடும். ஜெனிசிஸ் எண்ட படக்கதை சில பெரிய முடிவுகளைக் கேக்கும், ஆனா முதல் பாகத்தில பெரோஸ் கிரகத்தில காப்பாத்தின ஷியாலா எண்டவவை ரெண்டில இலியம் கிரகத்தில திரும்பக் காணுற மாதிரிச் சின்னச் சின்ன உறவுகள் அதில வராது. எனக்கு அதுகள்தான் பெரிசு. முதல் பாகத்தில ஓட்டுற மாக்கோ வண்டியும் லெஜண்டரியில திருந்தியிட்டுது.

வெர்மயர் கிரகத்துக்குப் போக முதல் ரெக்ஸோட கப்பலில கதைச்சுக் கதைச்சு, குடும்பக் கவசத்தைப் பற்றி அவர் சொல்லும்வரை விடாதைங்கோ. ஆர்கோஸ் ரோவில பீனிக்ஸ் தொகுதி, துன்தாவு கிரகத்தில அது கிடக்கு. எடுத்துக் குடுத்தா வெர்மயரில உங்களோட முரண்டு பிடிக்கிற அவரைச் சமாதானப்படுத்தி உயிரோட வைக்கலாம். இல்லாட்டி சார்ம் அல்லது இன்டிமிடேட் எண்ட பேச்சுத் திறமையை நல்லா ஏத்தியிருக்கோணும். முடிவில பேர்கள் ஓடி முடியும்வரை கேமை மூடாதைங்கோ, பிறகு ரெண்டில இம்போர்ட் குடுங்கோ.

குளக்கட்டு (கிளிநொச்சி)
நன்றி அண்ணை, நன்றி அக்கா. அப்ப முதலில இருந்தே. ரெண்டாம் பாகத்துக் கடைசி மிஷனில எல்லாரும் சாவினம் எண்டு சொல்லினமே, எல்லாரையும் காப்பாத்த ஏலுமோ?

நோமண்டி_எஸ்ஆர்2 (முல்லைத்தீவு)
ஏலும். (கதை தெரிய விரும்பாதவை இதை வாசிக்காதைங்கோ.) கப்பலுக்கு உங்கட அணி ஆக்கள் சொல்லுற மூண்டு மேம்பாடு கட்டாயம்: ஜேக்கப் சொல்லுற கவசம், டாலி சொல்லுற ஷீல்ட், காரஸ் சொல்லுற தானிக்ஸ் பீரங்கி. முதல் ரெண்டுக்கும் பல்லேடியம், மூண்டாவதுக்கு பிளாட்டினம். கிரகங்களைத் தேடி ஸ்கான் பண்ணுறது அலுப்புத்தான், ஆனா ஒண்டு குறைஞ்சாலும் போற வழியிலயே ஒராள் போயிடுவார்.

அணியில எல்லாற்ற லோயல்டி மிஷனையும் (அவையின்ர விசுவாசத்தைப் பெறுற தனி மிஷன்) முடியுங்கோ. ரீப்பர் ஐஎப்எப் (ஒமேகா 4 வாசலைக் கடக்கத் தேவையான கருவி) எடுத்த பிறகு உங்களுக்குக் கொஞ்ச மிஷன்தான் கிடைக்கும், அதால லீஜன் எண்ட ரோபோவை உடன எழுப்பி அவற்ற வேலையை முதல் முடியுங்கோ. எதிரிகள் உங்கட கப்பல் மாலுமிகளைக் கடத்தின கையோட ஒமேகா 4 வழியாக் கடைசி மிஷனுக்குப் போகோணும். இடையில ஒரு மிஷன் செய்தாலே மாலுமிகளில அரைவாசிப் பேர் செத்திடுவினம்.

கடைசி மிஷனில குழாய்க்குள்ள அனுப்ப டாலி, லீஜன், கசூமி மூண்டு பேரில ஒராள். ஜேக்கப் தானா முன்வருவார், அனுப்பினா சாவார். ரெண்டாம் அணிக்குத் தலைவர் காரஸ், மிராண்டா அல்லது ஜேக்கப். பயோட்டிக் வளையத்துக்கு (மனசக்தியால போடுற காப்பு) ஜாக் அல்லது சமாரா. மிராண்டா தன்னாலயும் ஏலும் எண்டு சொல்லுவா, நம்பாதைங்கோ. மாலுமிகளைத் திருப்பிக் கூட்டிப்போக மோர்டினை அனுப்புங்கோ. கடைசிக் காவலில முதல் விழுறவர் அவர்தான். கிரண்ட், சயீட், காரஸ் மூண்டு பேரையும் பின்னுக்குக் காவலுக்கு விட்டிட்டு வேற ஆக்களோட உள்ள போங்கோ.

ஏ9_தெரு (மாங்குளம்)
டாலியின்ர லோயல்டி மிஷனில வாற விசாரணையில ஆதாரத்தைக் காட்டி அவவின்ர அப்பாவைக் காட்டிக் குடுக்காதைங்கோ, அவ நாடுகடத்தப்படவும் விடாதைங்கோ. மூண்டாம் பாகத்தில டாலியின்ர இனத்தின்ர சொந்தக் கிரகம் ரனொக்குக்குப் போகேக்க டாலியும் லீஜனும் ரெண்டு பேரும் உங்களுக்கு வேணும்.