புதுப்பிப்பு: முகவரியில் வந்த புள்ளியும் மாறிப்போன ஸ்டைல் நம்பரும்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்காக ரெயில்ஸில் (ரூபி மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய ஆர்டர் செயலியில், 1204.5 என்ற ஸ்டைல் நம்பரைத் தேடினால் 1204-இன் அளவுகளே வருகின்றன என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

ரெயில்ஸின் ரூட்டிங், அதாவது இணைய முகவரியைப் பிரித்து உரிய நிரலுக்கு அனுப்பும் பகுதி, முகவரியில் வரும் புள்ளியைக் கோப்பு வகையைப் பிரிக்கும் குறியாகவே இயல்பில் எடுத்துக்கொள்வதால், 1204 ஐடியாகவும் (ஸ்டைலின் அடையாள எண்) 5 கோப்பு வகையாகவும் பிரிந்துவிட்டன. கோரிக்கைக்கு விடை தரும் நிரலான எங்கள் கண்ட்ரோலர், எந்த வகையைக் கேட்டாலும் எப்போதும் ஜேசான் (JSON) என்ற தரவு வடிவத்தையே அனுப்பும்படி எழுதப்பட்டிருந்ததால் பிழைச் செய்தி எதுவும் எழவில்லை. கட்டிங் மாஸ்டர் தம் கையிலிருந்த தாளையும் திரையையும் ஒப்பிட்டு, "மார்பளவு ரெண்டு சென்டிமீட்டர் குறையுதுங்களே" என்று சொன்ன பிறகுதான் தவறு வெளிப்பட்டது. பிழை காட்டி நிற்பதைவிட, தவறான விடையைச் சரியானதுபோல் தருவதே பெரிய ஆபத்து என்று கருதுகிறேன். வெட்டிய துணியை ஒட்ட முடியாது.

சாய்கோட்டை (/) தவிர எதையும் ஏற்கும் கட்டுப்பாட்டை முதலில் ஐடிக்கு இட்டேன். 1204.5 சரியாக வந்தது. ஆனால் அதையே பிடிஎஃப் ஆகக் கேட்டபோது முகவரியின் இறுதியில் வரும் .pdf என்ற நீட்சியும் ஐடிக்குள் விழுங்கப்பட்டது. இப்போது இலக்கங்கள், தேவையானால் ஒரு புள்ளியும் அதன்பின் இலக்கங்களும் என்று கட்டுப்பாட்டை இறுக்கியிருக்கிறேன். 1204, 1204.5, 1204.5.pdf என்று முடியும் மூன்று வகை முகவரிகளும் சரியாகப் பிரிகின்றன.

ஜாவா மொழிக்கான கட்டமைப்பான ஸ்பிரிங்கில் எழுதுவோர் கவனிக்க: 5.3 பதிப்பிலிருந்து, புள்ளிக்குப் பின் வருவதைக் கோப்பு வகையாக எடுத்துக்கொள்ளும் இத்தகைய பின்னொட்டுப் பொருத்தம் இயல்பிலேயே நிறுத்தப்பட்டுள்ளது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் புள்ளியுள்ள ஐடி ஒன்றை இன்றே சோதித்துப் பாருங்கள்.