பாகால் பிசாசானது எப்படி? – எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

ரூத்: பெரியப்பா, ஒரு சந்தேகம். வேதாகமத்தில் இஸ்ரவேலின் ராஜா அகசியா வியாதியாய்க் கிடந்தபோது, பிழைப்பேனா என்று கேட்டுவர பெலிஸ்தியரின் எக்ரோன் பட்டணத்துத் தெய்வமாகிய பாகால்சேபூபிடம் ஆள் அனுப்புகிறான். மத்தேயு சுவிசேஷத்தில் ஏறக்குறைய அதே பெயர், பெயெல்செபூல் என்று, பிசாசுகளின் தலைவனுக்கு வந்துவிடுகிறது. இடையில் என்ன நடந்தது?

சாமுவேல் பெரியப்பா: அந்தப் பெயரின் முதல் பாதியான பாகால், பழங்காலக் கானானியருக்கு மழையும் இடியும் தருகிற தெய்வம், ரூத். சிரியக் கடற்கரையில் 1928இல் ஓர் உழவரின் கலப்பை பழைய கல்லறை ஒன்றில் இடித்ததால் உகரித் நகரம் வெளிப்பட்டது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் பாகாலின் கதையை அவனை வணங்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் கடலாகிய யாமை வெல்கிறான். பிறகு மரணமாகிய மோத்திடம் தோற்று இறக்கிறான், நிலம் வறண்டுபோகிறது. அனாத் தேவி மோத்தை வாளால் பிளந்து, புடைத்து, எரித்து, அரைத்து, வயலில் விதைத்த பின்பு பாகால் உயிரோடு திரும்புகிறான். இந்தக் கதையில் பேய்க்குரிய குணம் எதுவும் இல்லை.

ஜெபா அத்தை: அப்படியானால், அண்ணன், எலியா தீர்க்கதரிசி மழையில்லாத காலத்தில் கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேரை எதிர்கொண்டது, மழை தருகிறவன் என்று பேர்பெற்றவனை அவனுடைய களத்திலேயே சோதித்ததாக ஆகிறது.

சாமுவேல் பெரியப்பா: அதேதான், ஜெபா. எலியா அவனைப் பேய் என்று சொல்லவில்லை என்பதையும் கவனி. தூங்குகிறானோ, பயணம் போயிருக்கிறானோ என்று பரியாசம்தான் பண்ணினார். சங்கீதம் 96இல் மற்ற ஜனங்களின் தேவர்களை நம் வேதாகமம் விக்கிரகங்கள் என்கிறது. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு அவர்களைப் பேய்கள் என்றே சொல்லிவிட்டது. பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது, புறஜாதியார் பலியிடுவது பேய்களுக்கே என்கிறார். என் பார்வையில் இது பதவியிறக்கம் மட்டும் அல்ல. ஒன்றுமில்லாதவன் என்று நகைக்கப்பட்டவனுக்கு மீண்டும் உயிரும் வல்லமையும் உண்டு என்று ஒப்புக்கொண்டதும் இதில் இருக்கிறது.

ரூத்: தம்பி விளையாடும் கணினி விளையாட்டில் அஸ்தரோத் என்று ஓர் ஆண் பிசாசு வருகிறது. சாலொமோன் பின்பற்றிய அஸ்தரோத், சீதோனியரின் தேவி அல்லவா?

சாமுவேல் பெரியப்பா: தேவிதான். ஆனால் அவளுடைய கோவில்கள் அழிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவில் பிசாசுகளைப் பட்டியலிட்டவர்களிடம் பெயரைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. யோகான் வெயர் 1577இல் வெளியிட்ட பட்டியலில் அவள் 40 படையணிகளை ஆளும் பிரபுவாகி, கையில் விரியன் பாம்போடு வருகிறாள், இல்லை, வருகிறான். பாகாலோ மனிதன், பூனை, தேரை என்று மூன்று தலைகளோடு முதல் ராஜாவாக நிற்கிறான். இத்தனைக்கும் அந்த வெயர், சூனியக்காரிகள் என்று பெண்களைக் கொளுத்துவதை எதிர்த்து எழுதிய மருத்துவர்.

ஜெபா அத்தை: பாகாலுக்குரியவை எல்லாமே பிசாசின் பக்கம் போய்விட்டனவா, அண்ணன்?

சாமுவேல் பெரியப்பா: இல்லை. உகரித்தில் மேகங்களின்மேல் ஏறிவருகிறவன் என்பது பாகாலின் பட்டம். 104ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். மேகங்களைத் தமது இரதமாக்கிக்கொள்கிறவர் என்று அங்கே துதிக்கப்படுகிறவர் கர்த்தர்.